கேட்க ஆளில்லாத பிள்ளைகள்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவினர் வந்தபோது, "மெக்கானிக்கல் பையன் மெஷினைப் பத்தித்தான் எழுதுவான்" என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பேனா வேறு பக்கம் போய்விட்டது. குழந்தை எப்படி வளர்கிறது, அறிஞர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடிக்கிற வேகத்தில் சில குழந்தைகளை என்ன பாடு படுத்தினார்கள் என்பதுதான் இக்கட்டுரை. இந்தப் படிப்புக்கு 'வளர்ச்சி உளவியல்' என்று பெயர். "டிப்ளமோ படிக்கிறவனுக்கு இது எதுக்குப்பா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். ஸ்ட்ரென்த் லேபில் யூ.டி.எம். மெஷினில் மைல்டு ஸ்டீல் ராடை மாட்டி இழுக்கிறோம். லோடு ஏறுகிறது. ஈல்டு பாயிண்ட் வருகிறது. ராடின் நடுப்பகுதி மெலிகிறது. அப்புறம் 'டப்' என்று இரண்டு துண்டு. ரீடிங்கை எழுதிக்கொண்டு அடுத்த ராடை மாட்டுகிறோம். உடைந்த ராடுக்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை. உடைத்துப் பார்த்தால்தான் பலம் தெரியும்.

குழந்தை விஷயத்தில் இது முடியுமா? பயம் எப்படி உண்டாகிறது என்று அறிய ஒரு குழந்தையைப் பயமுறுத்தலாமா? திக்குவாய் எப்படி வருகிறது என்று அறிய, நன்றாகப் பேசுகிற பிள்ளையைத் திக்க வைக்கலாமா? "சேச்சே, யாராவது செய்வாங்களா?" என்கிறீர்கள். செய்திருக்கிறார்கள் நண்பர்களே, படித்த பெரிய மனிதர்களே செய்திருக்கிறார்கள்.

தொட்டில் பக்கத்தில் ஒரு நோட்டு

இந்தத் துறையின் தொடக்கம் என்னவோ சாதுவானதுதான். குழந்தை பிறக்கும்போதே குணத்தோடு பிறக்கிறதா, வளர்ப்பில்தான் எல்லாம் வருகிறதா என்ற சண்டை பல நூற்றாண்டுகளாக நடந்துவந்தது. சண்டையை விட்டுவிட்டு, குழந்தையை உட்கார்ந்து கவனித்து எழுதியவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கை சொன்ன அதே டார்வின்தான். 1839-இல் பிறந்த தன் மூத்த மகன் எப்போது கோபப்பட்டான், எப்போது பயந்தான், எப்போது சிரித்தான் என்று குறித்து வைத்தார். அதை 1877-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

அடுத்து ஜான் பியாஜே. 1896-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். இளம் வயதில் பாரிஸ் நகரில், பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் சோதனைகளைச் சரிபார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. எத்தனை விடை சரி என்று எண்ணுவதுதான் வேலை. அவரோ தப்பு விடைகளில் மாட்டிக்கொண்டார்! ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியான தப்பைச் செய்வது ஏன் என்று யோசித்தார். குழந்தை 'கொஞ்சமாகத் தெரிந்த பெரியவர்' அல்ல, அது யோசிக்கும் விதமே வேறு என்ற முடிவுக்கு வந்தார். பிறகு தன் மூன்று குழந்தைகளையும் கூர்ந்து கவனித்து, அறிவு வளர்ச்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். 2 வயது வரை தொட்டும் வாயில் வைத்தும் உலகை அறிவது. 2 முதல் 7 வரை சொல்லையும் கற்பனையையும் கொண்டு அறிவது. 7 முதல் 11 வரை கண்முன் இருக்கிற பொருளை வைத்துத் தர்க்கமாக யோசிப்பது. அதற்கு மேல், கண்ணில் படாததைப் பற்றியும் யோசிப்பது.

இதை நானே சோதித்துப் பார்த்தேன். அக்காவிடம் கேட்டுவிட்டு, அவளுடைய 5 வயது மகளை உட்கார வைத்தேன். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர். "ரெண்டும் ஒண்ணா?" என்றேன். "ஒண்ணுதான் மாமா" என்றாள். அவள் கண்ணெதிரிலேயே ஒன்றை ஒல்லியான உயரமான பாட்டிலில் ஊற்றினேன். "இப்ப எதுல ஜாஸ்தி?" யோசிக்கவே இல்லை. "பாட்டில்லதான்!" பியாஜே சொன்னது அப்படியே! இன்னொரு தடவை செய்யலாம் என்று பார்த்தால், "போ மாமா, நான் விளையாடப் போறேன்" என்று ஓடிவிட்டாள். சரி போ என்று விட்டுவிட்டேன். இந்த 'விட்டுவிட்டேன்' என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

பியாஜே சொன்ன வயதுக் கணக்கு அத்தனையும் அப்படியே சரியல்ல, கேள்வியை எளிதாக்கிக் கேட்டால் சின்னப் பிள்ளைகளும் சரியாகச் சொல்கிறார்கள் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் அவர் போட்ட பாதையில்தான் எல்லோரும் நடந்தார்கள்.

அதே 1896-இல் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர் லெவ் வைகாட்ஸ்கி. 1934-இல் காசநோயால் 37 வயதிலேயே இறந்துபோனார். பிள்ளை தனியாகச் செய்ய முடிந்தது ஓர் அளவு, தெரிந்தவர் துணையோடு செய்ய முடிந்தது இன்னோர் அளவு, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார். நம் ஒர்க் ஷாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை லேத்தில் திரெட் கட்டிங் யாருக்காவது தனியாக வந்ததா? பக்கத்தில் சீனியர் அண்ணன் நின்று, "இப்பப் போடு ஹாஃப் நட்டை... இப்ப எடு" என்று சொல்லச் சொல்லத்தானே கை பழகியது!

எரிக் எரிக்சன் என்பவர் 1950-இல் வெளியான தன் நூலில், பிறப்பு முதல் முதுமை வரை மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிக்கல். கைக்குழந்தைக்கு இந்த உலகத்தை நம்பலாமா என்பது சிக்கல். பள்ளிப் பருவத்தில், என்னால் ஒரு வேலையை உருப்படியாகச் செய்ய முடியுமா என்பது. நம் வயதில் வருவது, 'நான் யார்?' என்ற கேள்வி. பத்தாவது முடித்து 15, 16 வயதில் இங்கே வந்து, டிப்ளமோவோடு வேலைக்குப் போகவா, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேரவா, அப்பாவின் கடையைப் பார்க்கவா என்று விழிக்கிறோமே, அதுதான் இது.

சுத்தியலும் இரும்புக் கம்பியும்

இனி அடுத்த பக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சன் என்ற பேராசிரியர் இருந்தார். மனசுக்குள் என்ன நடக்கிறது என்ற ஆராய்ச்சியே வேண்டாம், வெளியே தெரிகிற நடத்தையை மட்டும் அளப்போம் என்றவர். பயம் என்பது கற்றுக்கொடுத்தால் வரும் என்று காட்ட விரும்பினார். அவரும் ரோசலி ரேனர் என்ற அவருடைய மாணவியும் செய்த சோதனை 1920-இல் அச்சில் வந்தது.

அவர்கள் தேர்ந்தெடுத்தது 'ஆல்பர்ட்' என்று பெயரிட்டு எழுதிய ஒரு குழந்தையை. அதன் தாய் அங்கிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் பாலூட்டும் தாதியாக வேலை பார்த்தவள். வெள்ளை எலியைப் பார்த்து அந்தக் குழந்தை பயப்படவில்லை, ஆசையாகக் கை நீட்டியது. குழந்தைக்கு 11 மாதம் ஆனபோது, எலியைத் தொடப்போகும் நேரம் பார்த்து, தலைக்குப் பின்னால் தொங்கவிட்ட எஃகுக் கம்பியைச் சுத்தியலால் 'டங்' என்று அடித்தார்கள். கம்பி 4 அடி நீளம், முக்கால் அங்குல விட்டம். நம் ஒர்க் ஷாப்பில் கிடக்கிற சைஸ்தான்! எலியும் சத்தமும் ஏழு முறை சேர்ந்து வந்தன. அதன்பின் சத்தமே வேண்டாம், எலியைப் பார்த்ததும் குழந்தை அழுதுகொண்டே தவழ்ந்து ஓடியது. முயல், நாய், ரோமக் கோட்டு என்று பயம் பரவியது.

வாட்சன் சொன்னது நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் பயத்தை எடுத்துவிடுவதற்கு முன்பே அந்தக் குழந்தை மருத்துவமனையை விட்டுப் போய்விட்டது. யாரும் பின்னாலேயே போய்ப் பார்க்கவில்லை.

இதே கேள்வியை வேறு விதமாகவும் கேட்கலாம் என்று காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி. 1924-இல் வெளிவந்தது அவருடைய ஆய்வு. முயலைக் கண்டு ஏற்கனவே பயந்துகொண்டிருந்த 'பீட்டர்' என்ற சிறுவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, முயலைத் தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். பயத்தைப் பற்றிய அறிவு இரண்டு ஆய்விலும் கிடைத்தது. ஒன்றில் குழந்தை அழுதபடி போனது, மற்றதில் சிரித்தபடி போனது.

1939, அயோவா

இப்போது சொல்லப்போவது என் சொந்த விஷயத்தைத் தொடுவது. நான் திக்கிப் பேசுகிறவன். என் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். போன செமஸ்டர் வைவாவில், "இந்த ஸ்பெசிமன் என்ன மெட்டீரியல்?" என்று எக்ஸ்டர்னல் கேட்டார். விடை தெரியும். 'மைல்டு' என்ற சொல்லின் 'மை' மட்டும் நாலைந்து முறை வந்தது, மீதி வரவில்லை. "பதட்டப்படாம, மூச்சை இழுத்து விட்டுச் சொல்லு தம்பி" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதற்கப்புறம் சுத்தமாக வாயே திறக்கவில்லை! அன்றிலிருந்துதான் திக்குவாயைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் வெண்டல் ஜான்சனிடம் வந்து சேர்ந்தேன்.

ஜான்சன் அயோவா பல்கலைக்கழகத்தில் பேச்சுக் குறைபாடுகளை ஆராய்ந்தவர். அவரே திக்கிப் பேசுகிறவர். சின்னப் பிள்ளை எல்லாமே கொஞ்சம் தடுமாறித்தான் பேசும், பெற்றோர் அதைக் குறை என்று சொல்லிச் சொல்லித்தான் அது திக்குவாய் ஆகிறது என்பது அவர் கருத்து. இதைச் சோதித்துப் பார்க்க, அவருடைய மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற பட்டமேற்படிப்பு மாணவி 1939-இல் டேவன்போர்ட் நகரத்து அனாதை இல்லத்துக்குப் போனார்.

22 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பேர் ஏற்கனவே திக்குபவர்கள் என்று இல்லத்தார் சொன்னவர்கள். பன்னிரண்டு பேர் சாதாரணமாகப் பேசுகிறவர்கள். அந்தப் பன்னிரண்டில் ஆறு பேரிடம், உனக்குத் திக்குவாய் ஆரம்பித்துவிட்டது, உடனே நிறுத்து, சரியாகப் பேச முடிந்தால் மட்டும் வாயைத் திற என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இல்லத்து ஆட்களும் பிள்ளைகள் பேசும்போது பிடித்துத் திருத்த வேண்டும் என்று ஏற்பாடு. ஜனவரியிலிருந்து மே வரை இது நடந்தது.

அந்த ஆறு பேரும் திக்குவாயர்கள் ஆகவில்லை. கொள்கை நிரூபணம் ஆகவில்லை என்றுதான் அந்தக் கணக்குகளைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில். கூச்சம், பயம். இதைப் படித்தபோது எனக்கு அந்த வைவா நாற்காலி ஞாபகம் வந்தது. எனக்கு ஒரு நாள். அவர்களுக்கு ஐந்து மாதம்.

டியூடருக்கும் மனசு கேட்கவில்லை. ஆய்வு முடிந்தபின் மூன்று முறை திரும்பிப் போய், "உங்க பேச்சுல ஒரு குறையும் இல்ல" என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தார். போனது திரும்பவில்லை. அந்த ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் தூங்கியது. 2001-இல் ஒரு பத்திரிகை வெளியே கொண்டுவந்தது. அப்போதுதான், தாங்கள் சோதனைக்கு ஆளானவர்கள் என்பதே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. பிள்ளைகள் என்கிறேன், அவர்கள் அதற்குள் கிழவர்கள் ஆகிவிட்டார்கள்! பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா மாநிலம் 9 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டது.

திக்குவாய் பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தொடங்குகிறது, அதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானே போய்விடுகிறது, பெரியவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு நிற்கிறது என்று இன்று தெரிகிறது. இதைக் கண்டறிய ஒரு பிள்ளையையும் யாரும் திக்க வைக்கவில்லை. ஏற்கனவே திக்கிய பிள்ளைகளைப் பொறுமையாக ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? டார்வினும் பியாஜேயும் தங்கள் சொந்தப் பிள்ளைகளைப் 'பார்த்தார்கள்'. சோதனை என்று வந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்டது மருத்துவமனைத் தாதியின் பிள்ளை, அனாதை இல்லத்துப் பிள்ளை. 'எம் புள்ளைய என்னடா பண்றீங்க?' என்று சட்டையைப் பிடிக்க ஆளில்லாத பிள்ளைகள். திறமை குறைவால் நடந்த தவறல்ல இது. கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் நடந்தது.

விதிகள் வந்த கதை

இரண்டாம் உலகப் போரில் நாஜி மருத்துவர்கள் கைதிகள் மேல் செய்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், 1947-இல் சில நெறிகளை வகுத்தது. மனிதன்மேல் சோதனை என்றால் அவன் மனமார ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அதில் முதல் நெறி. அமெரிக்காவில் 1979-இல் வந்த பெல்மான்ட் அறிக்கை மூன்று சொன்னது. ஆளை மதி. நன்மை செய், தீங்கு செய்யாதே. மூன்றாவது நீதி: ஆய்வின் சுமை ஒரு சாரார் தலையிலும், பலன் வேறொரு சாரார் கையிலும் போகக் கூடாது. வசதியாகக் கிடைக்கிறார்கள் என்பதற்காக ஏழைகளையும் இல்லத்துப் பிள்ளைகளையும் எடுக்காதே என்று அர்த்தம்.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் குழந்தைகளுக்கென்றே விதிகள் இருக்கின்றன. பெற்றோரோ காப்பாளரோ ஒப்புதல் தர வேண்டும். அது மட்டும் போதாது. 7 முதல் 11 வயதுப் பிள்ளையிடம் புரியும்படி சொல்லி வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும். 12 முதல் 18 வயது வரை எழுத்தில் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதும், பெயர் வெளியே போகக் கூடாது என்பதும், ஆய்வை முன்கூட்டியே நெறிக்குழு பார்த்து அனுமதிக்க வேண்டும் என்பதும் எங்கும் ஏற்கப்பட்ட நெறிகள்.

விதி இருந்துவிட்டால் எல்லாம் சுலபம் என்றும் சொல்ல முடியாது. ருமேனியாவில் 1989-இல் சௌஷெஸ்கு ஆட்சி விழுந்தபோது, அரசு இல்லங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடப்பதை உலகம் பார்த்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள் புக்காரெஸ்ட் நகரில் 136 சிறு குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில் 68 பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். மீதி 68 பேர் இல்லத்திலேயே. குடும்பத்தில், அதிலும் 2 வயதுக்கு முன்பே சேர்ந்த பிள்ளைகள் அறிவிலும் பாசப் பிணைப்பிலும் தெளிவாக முன்னேறினார்கள். அப்படியானால் மீதிப் பேரை ஏன் விட்டார்கள்? அன்று அந்த நகரில் வளர்ப்புக் குடும்பங்களே அநேகமாகக் கிடையாது, அந்த 68 பிள்ளைகளை வளர்த்த குடும்பங்களுக்கு ஆய்விலிருந்தே பணம் போனது, மீதிப் பேரில் யாருக்காவது வேறு வீடு கிடைத்தால் தடுக்கவில்லை என்பது அவர்கள் பதில். எனக்கு அந்தப் பதில் பாதிதான் ஆறுதல் தருகிறது. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஏன் எழுதினேன்?

போன வருஷம் கிராமத்தில் ஏழு நாள் முகாம் போட்டோம் அல்லவா, அதில் ஒரு நாள் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குப் போனோம். 'பிள்ளைகளின் வாசிப்புத் திறன்' என்று ஒரு சர்வே. இரண்டாம் வகுப்புப் பாடத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லி, போனில் ரெக்கார்டு செய்து, பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டும். படிவம் தயாரித்ததே நான்தான். வார்டனிடம் கேட்டோம், சரி என்றார்.

ஒன்பது வயசுப் பையன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம்ணே" என்றான். "சும்மா வாசிடா, ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்று நான் சாக்லேட்டை நீட்டினேன். சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறித் தடுமாறி வாசித்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள். முடித்ததும் சாக்லேட்டைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

வாயைத் திற என்று நாலு பேர் முன்னால் சொன்னால் எப்படி இருக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார்? நானே அதைச் செய்தேன். அக்கா மகள் "போ மாமா" என்றதும் விட்டுவிட்டேன். இவன் "வேணாம்ணே" என்றதை ஏன் விடவில்லை? அக்கா கேட்பாள். இவனுக்குக் கேட்க ஆளில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ரெக்கார்டிங்கை அழித்துவிட்டேன். அடுத்த முகாமுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு நாலே விஷயம். பெரியவர் சரி என்றாலும் பிள்ளையிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் மிட்டாய் காட்டாதீர்கள். எல்லோர் முன்னாலும் சோதிக்காதீர்கள். பெயரைப் படிவத்தில் எழுதாதீர்கள், நம்பர் போதும்.

இன்னொன்று, இது வகுப்பு நண்பர்களுக்கு. அடுத்த வைவாவில் நான் 'மை... மை...' என்று நின்றால், மூச்சு விடச் சொல்ல வேண்டாம், சொல்லை எடுத்தும் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும்.



- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்